சட்டியில் இருக்கும் மீனிலிருந்து தொடங்குங்கள்: பள்ளியில் கடலுணவுப் பாடம் நடத்த ஒரு வழிகாட்டி

கடலுணவைப் பற்றி மாணவர்களுக்கு முதல் முறையாகச் சொல்லித் தரப்போகும் ஆசிரியர்கள் பெரும்பாலும் பவளப்பாறைப் படத்தை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அடுத்து டால்ஃபின், ஆமை, பிளாஸ்டிக் குப்பை. பிள்ளைகள் ஆர்வமாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் அன்று ராத்திரி வீட்டில் சாப்பிடும் மத்திக் குழம்புக்கும் அந்தப் படங்களுக்கும் ஏதோ தொடர்பு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றாது. அதனால் பாடத்தை வீட்டுச் சட்டியிலிருந்தே தொடங்கச் சொல்கிறேன்.

பாடம் முடியும்போது ஒவ்வொரு பிள்ளையும் மீன் கடையில் நின்று மூன்று கேள்வி கேட்கத் தெரிந்திருந்தால் போதும். இது என்ன மீன்? வளர்ந்த மீனா, குஞ்சா? எப்படிப் பிடித்தது? உடம்புக்கு நல்லதா என்ற கேள்விக்குத் தனிப் பாடம் வேண்டியதில்லை. மத்தி, நெத்திலி, காணாங்கெளுத்தி போன்ற சின்ன மீன்கள் வேகமாக வளர்ந்து வேகமாகப் பெருகுகின்றன. சத்து அதிகம், பாதரசம் குறைவு, விலையும் கைக்கு எட்டும். உடம்பும் கடலும் வீட்டுச் செலவும் ஒரே மீனில் சேர்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதுதான் இந்தப் பாடத்தின் வேலை.

தமிழ்நாட்டுக் கடலோரப் பள்ளிகளின் 6 முதல் 9ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உள்மாவட்ட ஆசிரியர்களுக்கான மாற்றங்களையும் இடையில் சொல்கிறேன்.

தொடங்கும் முன்

முதலில் வகுப்பறையைக் கவனியுங்கள். கடலோரப் பள்ளியில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளை ‘மீன் நாத்தம்’ என்று கேலி செய்வது இன்னும் நடக்கிறது. மீன் பாடம் அந்தக் கேலிக்கு இன்னொரு வாய்ப்பாகிவிடக் கூடாது. மீனின் பெயர், வலையின் பெயர், காற்றின் திசை எல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். முதல் வகுப்பிலேயே அவர்களைச் சொல்பவர்களாகவும் மற்றவர்களைக் கேட்பவர்களாகவும் உட்கார வைத்துவிடுங்கள். நீங்களும் நோட்டும் பேனாவுமாகக் கேட்பவர் பக்கம் உட்காருங்கள். அந்தக் காட்சியே வகுப்பில் நிறைய மாற்றும்.

மீன் சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். அளப்பது, கணக்கு எழுதுவது, படம் வரைவது எல்லாம் அவர்களும் செய்யலாம். சுவைத்துப் பார்க்க யாரையும் வற்புறுத்த வேண்டாம். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாமல் தடிப்பும் மூச்சுத்திணறலும் வருகிறவர்கள் உண்டு. சமையல் நிகழ்ச்சி வைத்தால் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது நடத்துவது? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். பள்ளி திறக்கும் சமயத்தை ஒட்டியே படகுகளும் கடலுக்குப் போகின்றன. ஜூன் கடைசி வாரத்தில் பாடத்தைத் தொடங்கினால் ஊர் முழுக்க மீன் பேச்சாகத்தான் இருக்கும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

முதல் வாரம்: வீட்டுக் கணக்கெடுப்பு

ஒரு தாள் போதும். போன வாரம் வீட்டில் என்ன மீன் வாங்கினார்கள், எங்கே வாங்கினார்கள், என்ன விலை, குழம்பா வறுவலா, பாட்டி காலத்தில் அடிக்கடி சாப்பிட்டு இப்போது கண்ணில் படாத மீன் எது. கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்களைத் தனியாக எடுத்து வையுங்கள்.

மத்தி என்று எழுதக் கூச்சப்பட்டு வஞ்சிரம் என்று எழுதுகிற பிள்ளைகள் இருப்பார்கள். மத்தியை ஏழை வீட்டு மீன் என்று நினைக்கும் மனப்பான்மை பெரியவர்களிடமிருந்து வந்தது. தாள்களைத் திரும்ப வாங்கும்போதே மத்தி, காரப்பொடி, நெத்திலி என்ற பெயர்களைக் கரும்பலகையில் முதல் வரிசையில் எழுதுங்கள். வஞ்சிரமும் வவ்வாலும் கீழே வரட்டும். ஒரே மீனுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்பதால் படம் ஒட்டி, பக்கத்தில் உங்கள் ஊர்ப் பெயரை எழுதிவிட்டால் குழப்பம் வராது.

உள்மாவட்டப் பள்ளிகளில் பட்டியல் வேறு மாதிரி வரும். கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை, அப்புறம் வாரச் சந்தைக் கருவாடு. அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கருவாட்டில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் ஏராளம், உப்பும் ஏராளம். வெந்நீரில் நன்றாக அலசிவிட்டு, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் சமைக்க வேண்டும் என்ற ஒரு செய்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாலே பயன்தான்.

மீன் அங்காடிக்குப் போவது

இதைத் தவிர்க்காதீர்கள். ஏலம் நடக்கும் விடியற்காலை நேரத்தில் சின்னப் பிள்ளைகளை அழைத்துப்போக வேண்டாம். தள்ளுமுள்ளு அதிகம், தரை வழுக்கும், யாருக்கும் பேச நேரம் இருக்காது. காலை ஒன்பது, பத்து மணிக்குமேல் சில்லறை விற்பனை நடக்கும் இடம் சரியாக இருக்கும். மீன் விற்கும் அம்மா ஒருவரிடம் முதல் நாளே போய்ப் பேசி, அவருடைய நேரத்துக்கு ஈடாகப் பள்ளிச் செலவில் கொஞ்சம் மீன் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிடுங்கள். அவருடைய பிழைப்பு நேரத்தை நாம் இலவசமாக எடுத்துக்கொள்வது முறையில்லை.

நல்ல மீனைப் பார்த்து எடுக்க அவர் சொல்லித் தருவதைப்போல எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. செவுள் மூடியைக் கட்டை விரலால் தூக்கிக் காட்டுவார். உள்ளே ரத்தச் சிவப்பாக, ஈரமாக இருக்கும். அடுத்த கூடையில் நேற்றைய மீன் இருந்தால் அதையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். செவுள் பழுப்பாகி, சளி கட்டியிருக்கும். கண் தெளிவாகப் புடைத்திருக்கிறதா, குழிவிழுந்து வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். விரலால் முதுகை அழுத்தினால் சதை திரும்பி எழுகிறதா, குழி அப்படியே நிற்கிறதா. ஒவ்வொரு பிள்ளையும் தன் விரலால் அழுத்திப் பார்க்கட்டும்.

ஐஸ் போடுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பதுதான் மீன்வளத் துறையினர் சொல்லும் கணக்கு. சூரை, காணாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்திருந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. ‘நல்லா வேகவெச்சா சரியாயிடும்’ என்ற நம்பிக்கை பல வீடுகளில் இருப்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லுங்கள்.

மீன் கெடாமலிருக்கச் சிலர் சேர்க்கும் ஃபார்மலின் என்ற ரசாயனம் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள். 2018இல் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பெரிய செய்தியானது அது. கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் ஃபார்மலினையும் அம்மோனியாவையும் சில நிமிடங்களில் கண்டுபிடிக்கும் சோதனைப் பட்டையை உருவாக்கியிருக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கு வந்து செய்து காட்ட முடிந்தால் பிள்ளைகள் வீண்பயம் இல்லாமல் புரிந்துகொள்வார்கள்.

அளவுகோலோடு மீன்

அங்காடியில் வாங்கிய மீனைப் பள்ளிக்குக் கொண்டுவந்து செய்தித்தாளில் வரிசையாகப் பரப்புங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளப்பதுதான் முழு நீளம். காணாங்கெளுத்தியை நேராகக் கிடத்தி, வாலின் இரு கிளைகளையும் விரலால் சேர்த்துப் பிடித்து, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஒரு பிள்ளை அளக்க, ஒருத்தி எழுத, இன்னொருவன் எடை பார்க்க என்று பிரித்துவிட்டால் வகுப்பே வேலையில் மூழ்கிவிடும்.

இப்போது ஒப்பிட ஓர் எண் வேண்டும். 1947இல் தொடங்கி, இப்போது கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், எந்த மீனை எந்த அளவுக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று பரிந்துரைத்திருக்கிறது. அதன் அடிப்படையில் கேரள அரசு 58 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவைச் சட்டமாக்கியது. மத்திக்கு 10 செ.மீ., காணாங்கெளுத்திக்கு 14 செ.மீ. பிள்ளைகள் அளந்த மீன்களில் எத்தனை அந்தக் கோட்டுக்கு மேலே, எத்தனை கீழே என்று பட்டை வரைபடம் போடச் சொல்லுங்கள். கணக்கு ஆசிரியரையும் அழைத்துக்கொண்டால் இரண்டு வகுப்பு வேலை ஒன்றாக முடியும்.

மத்தி முதல் முறை முட்டையிடும் பருவத்துக்கு வருவது ஏறக்குறைய 15 செ.மீ. அளவில். 10 செ.மீ. என்பது சட்டம் அனுமதிக்கும் கடைசிக் கோடு மட்டுமே என்பதை இங்கே விளக்கலாம். ஒன்றிரண்டு மீனைக் கீறி உள்ளே பாருங்கள். முட்டைப் பை தெரிந்தால் அது வளர்ந்த மீன். மஞ்சளாகத் தெரியும் அந்தப் பையை எல்லாரும் ‘சினை’ என்று சாப்பிட்டிருப்பார்கள். அதன் வேலை என்ன என்று பலருக்கு அன்றைக்குத்தான் உறைக்கும். கத்தாளை மீன் கிடைத்தால் தலையைத் திறந்து உள்ளே இருக்கும் வெள்ளைக் கற்களை எடுத்துக் காட்டுங்கள். மீனின் காதுக்குள் இருக்கும் கல் அது. அதில் படியும் வளையங்களை வைத்துத்தான் விஞ்ஞானிகள் மீனின் வயதைக் கணக்கிடுகிறார்கள்.

குஞ்சு மீனைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்து மத்தியைச் சொல்லுங்கள். 2012இல் அங்கே சுமார் 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021இல் கிடைத்தது 3,297 டன். கடல் வெப்பமும் எல் நினோவும் காரணம், முட்டையிடும் முன்பே பிடித்ததும் ஒரு காரணம். இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள். பிள்ளைகளே பேசத் தொடங்குவார்கள்.

பூந்திக்கரண்டி விளையாட்டு

இரண்டு தாம்பாளம். ஒவ்வொன்றிலும் 40 கொண்டைக்கடலை, 40 பாசிப்பயறு. கடலை வளர்ந்த மீன், பயறு குஞ்சு. ஒரு குழுவுக்கு டீ வடிகட்டி, இன்னொரு குழுவுக்குப் பூந்திக்கரண்டி. பயறு அதன் ஓட்டை வழியே விழுந்துவிடும், கடலை நிற்கும். வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துப் பொருத்தமான கரண்டியைக் கொண்டுவாருங்கள். விசில் அடித்தால் பத்து விநாடி அள்ளலாம். கடலை ஒன்றுக்குப் பத்து ரூபாய், பயறு ஒன்றுக்கு ஒரு ரூபாய்.

சுற்று முடிந்ததும் தட்டில் மிச்சமிருக்கும் பயறுகளை எடுத்துவிட்டு அதே எண்ணிக்கையில் கடலை போடுங்கள், குஞ்சு வளர்ந்துவிட்டது. ஏற்கனவே மிச்சமிருந்த ஒவ்வொரு கடலைக்கும் இரண்டு பயறு சேர்த்துக்கொள்ளுங்கள்; அது முட்டையிட்டுவிட்டது. இப்படி ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றின் வருமானத்தையும் எழுதிக்கொண்டே வர வேண்டும்.

முதல் சுற்றில் இரண்டு குழுவுக்கும் வருமானத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. போகப் போக வடிகட்டித் தட்டு காலியாகும். அள்ளும் வேகத்தைப் பொறுத்துக் கணக்கு கொஞ்சம் மாறும். ஒரு தட்டு மிக விரைவில் காலியாகிவிட்டால் நேரத்தைக் குறைத்து மறுபடி ஆடுங்கள். ஆட்டம் முடிந்ததும் கேட்க வேண்டிய கேள்வி: ‘ஒரே தட்டில் இரண்டு குழுவும் சேர்ந்து அள்ளினால் பூந்திக்கரண்டிக்காரர் என்ன செய்வார்?’ அவரும் வடிகட்டியைத் தேடி ஓடுவார் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே சொல்வார்கள். சின்னக் கண்ணி வலை எப்படிப் பரவுகிறது, பொது விதி ஏன் தேவை என்பது அங்கே தெளிவாகிவிடும்.

வலைகளைப் பற்றி

இந்தப் பகுதியை மீனவர் ஒருவரை அழைத்து நடத்துவதே நல்லது. தூண்டிலும் பெரிய கண்ணிச் செவுள் வலையும் குறிப்பிட்ட மீனைக் குறிவைப்பவை. இழுவை மடி கடலடியை வாரிக்கொண்டு வரும். குஞ்சு, நண்டு, சங்கு, கடற்புல் எல்லாம் சேர்ந்தே வரும். விலைபோகாத சின்ன மீனில் பெரும்பகுதி கோழித் தீவன ஆலைக்குப் போகிறது. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக் கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் காலத்தில் இந்த விதி எவ்வளவு முக்கியம் என்பது, 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது எல்லாருக்கும் தெரிந்தது.

மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கி இழுக்கும் சுருக்குமடி வலை பற்றிப் பேசும்போது கவனம் தேவை. தமிழ்நாட்டில் 2000இலிருந்து அதற்குத் தடை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்ற நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி தந்தது. கடலூரிலும் நாகையிலும் ஊருக்கு ஊர் இதில் கருத்து வேறு. ஒரே வகுப்பில் இரு தரப்புப் பிள்ளைகளும் இருக்கலாம். தீர்ப்புச் சொல்லாமல், இரண்டு பக்கத்துப் பெரியவர்களிடமும் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். பாக் நீரிணை விஷயமும் அப்படித்தான். இந்தப் பக்கத்து இழுவைப் படகுகளால் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களின் வலைகள் அறுபடுவதையும், இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடுத்ததையும், கைதாகும் நம் மீனவர் குடும்பங்களின் துயரத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டும். இரு கரையிலும் தமிழ் பேசும் மீனவர்களே இருக்கிறார்கள்.

தடைக்காலம் பற்றிப் பேசும்போது குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணத்தையும் சொல்லுங்கள். 5,000 ரூபாயாக இருந்தது 8,000 ஆக உயர்ந்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு அது போதுமா என்று பிள்ளைகளே வீட்டுச் செலவைக் கணக்கிடட்டும். கடலைக் காக்கும் செலவை யார் சுமக்கிறார்கள் என்ற கேள்வி இல்லாமல் நிலைத்த மீன்பிடிப்பைச் சொல்லித் தருவதை நான் ஏற்க மாட்டேன்.

உடம்புக்கு எது நல்லது

மூளைக்கும் கண்ணுக்கும் தேவையான ஒமேகா-3 கொழுப்பு மத்தியிலும் காணாங்கெளுத்தியிலும் நிறைய இருக்கிறது. கடலில் அதை உருவாக்குவது நுண்ணிய பாசிகள். அவற்றைத் தின்னும் மத்தி வழியாக நமக்கு வருகிறது. நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். வாரம் இரண்டு முறை மீன் என்பது நல்ல அளவு. எண்ணெயில் முக்கிப் பொரிப்பதைவிடக் குழம்பாகவோ, தவாவில் கொஞ்சம் எண்ணெய் விட்டோ செய்வது மேல்.

பாதரசத்தை விளக்கச் சிறு காகிதத் துண்டுகள் போதும். பத்து நெத்திலி, ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் புள்ளி. அவற்றைத் தின்ற சூரைக்குப் பத்துப் புள்ளி. பல சூரைகளைத் தின்று பல ஆண்டு வாழும் பெரிய சுறாவிடம் புள்ளி எண்ண முடியாமல் போகும். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் ஆலைக் கழிவுப் பாதரசம் மீன் வழியாக மக்களுக்குப் போய்ச் சேர்ந்த கதையை இங்கே சொல்லலாம். 1956இல்தான் அந்த நோய் வெளியே தெரிந்தது. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் பெரிய சுறா, மயில்மீன், வாள்மீன் போன்றவற்றைத் தவிர்ப்பது நல்லது.

இங்கே ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: ‘பிள்ளை பெத்தவங்களுக்குச் சுறாப்புட்டுதானே குடுப்பாங்க?’ மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். பிரசவித்த உடம்புக்குப் புரதம் வேண்டும் என்பதைப் பாட்டிகள் சரியாகவே அறிந்திருந்தார்கள். புட்டுக்கு வழக்கமாக எடுப்பதும் பால்சுறா என்ற சின்ன வகைதான். ஆனால் இன்றைக்குச் சுறாக்கள் குறைந்துவருகின்றன. பெரும்பாலான சுறாக்கள் பருவத்துக்கு வரப் பல ஆண்டு ஆகும், குட்டிகளும் சிலவே. அதே பாட்டிகள் பால் ஊறுவதற்குக் கொடுக்கும் காரல் மீன் இருக்கிறதே, அதைச் சொல்லுங்கள். ஊர் வழக்கத்துக்குள்ளேயே மாற்று இருக்கும்போது வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டியதில்லை.

வளர்ப்பு மீன்

சுருக்கமாகச் சொன்னால் போதும். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் குளத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் மட்கையும் தின்று வளர்பவை. கடல் மீனை அரைத்துப் போட வேண்டிய தேவை குறைவு. வனாமி இறால் அப்படியில்லை. தீவனம், மருந்து, கழிவுநீர் மூன்றையும் கேட்க வேண்டும். நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணைகளால் வயலும் கிணறும் உப்பானதை எதிர்த்துக் காந்தியவாதித் தம்பதியான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் நடத்திய போராட்டமும், 1996இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு நல்ல ஆய்வுத் தலைப்பு.

நம்பிக்கை தரும் ஒன்று

இவ்வளவும் கேட்ட பிள்ளைகள் சோர்ந்துபோகக் கூடாது. கொல்லம் அஷ்டமுடிக் காயலின் மட்டியைச் சொல்லுங்கள். அளவுக்கு மீறி அள்ளியதால் 1990களில் விளைச்சல் சரிந்தது. மட்டி அள்ளுபவர்களும் விஞ்ஞானிகளும் அரசும் சேர்ந்து, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அள்ளுவதில்லை, சின்ன மட்டியை எடுப்பதில்லை, வலைக்கண்ணியைப் பெரிதாக்குவது என்று முடிவெடுத்தார்கள். மட்டி மீண்டு வந்தது. நிலைத்த மீன்பிடிப்புக்கான உலகச் சான்றிதழ் 2014இல் இந்தியாவுக்கு முதல் முறையாகக் கிடைத்தது அந்தக் காயலுக்குத்தான்.

வீட்டிலிருந்து வரும் கேள்விகள்

பெற்றோர் யாராவது வந்து, ‘வஞ்சிரம் வாங்கக் கூடாதுன்னு சொன்னீங்களாமே’ என்று கேட்பார்கள். கூடாது என்று எதையும் சொல்லாதீர்கள். மாதம் ஒருமுறை வஞ்சிரம், மற்ற நாள் ஊர் மீன் என்று சொன்னால் யாருக்கும் வருத்தமில்லை. சட்டப்படி கூடாதவை மட்டும் கறாராகச் சொல்ல வேண்டியவை: கடல் அட்டை, கடல்குதிரை, ஆமை, ஆவுளியா என்ற கடல் பசு. வீட்டில் என்ன மீன் வாங்குவது என்று முடிவு செய்வது பிள்ளைகள் இல்லை. அவர்கள் மேல் குற்ற உணர்வை ஏற்றாமல், தகவலை மட்டும் கொடுத்தனுப்புங்கள்.

ஆண்டு முழுக்க ஓடும் ஒரே ஒரு வேலையைத் தொடங்கிவைத்தால் நல்லது. வகுப்புச் சுவரில் 12 மாதக் கட்டம் வரையுங்கள். ஒவ்வொரு மாதமும் எந்த மீன் நிறைய வந்தது, சராசரி நீளம் என்ன, எதில் சினை இருந்தது என்று பிள்ளைகள் நிரப்பட்டும். சினை நிறைந்திருக்கும் மாதத்தில் அந்த மீனைக் குறைத்துக்கொண்டு வேறொன்றை வாங்கலாம் என்று அவர்களே ஒரு குறிப்பு எழுதலாம். சென்னையின் ‘இன்சீசன் ஃபிஷ்’, மும்பையின் ‘நோ யுவர் ஃபிஷ்’ குழுவினர் இதுபோன்ற பருவப் பட்டியல்களைப் போட்டிருக்கிறார்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம். உங்கள் ஊர்த் தகவல் அவற்றோடு ஒத்துப்போகாத இடங்களைக் குறித்துவைத்து, மண்டபம், தூத்துக்குடி, சென்னை இவற்றில் பக்கத்தில் இருக்கும் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையக் கிளைக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள். கடிதத்தைப் பிள்ளைகள் எழுதட்டும், மீன்களின் அளவுகளை இணைத்து அனுப்பட்டும். அடுத்த ஜூனில் வரும் புது வகுப்பு அதே சுவரில், பழைய எண்களுக்குப் பக்கத்திலேயே தன் எண்களை எழுதத் தொடங்கலாம்.